பழைய வண்டியைப் பட்டறையில் பிரிக்கக் கொடுப்பதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பாவின் 1967-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை 2022 மே மாதம் ஒரு பட்டறையில் கொடுத்தோம். மாதவரம் பக்கம், பெரிய பெயர்ப்பலகையுடன், கஸ்டம் கார்கள், அதாவது கேட்டபடி மாற்றிக் கட்டும் கார்கள், மட்டுமே செய்யும் இடம். ஹாட் ராட் பாணியில் மாற்றித் தருவதாகப் பேச்சு. எட்டு மாதம் என்றார்கள். இருபத்தேழு மாதங்கள் கழித்து, 2024 ஆகஸ்டில், அந்த வண்டியைப் பாகம் பாகமாக இரண்டு மினி லாரிகளில் ஏற்றி ராயபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்றிலிருந்து தெருவிலும் உறவிலும் தம்பியின் அலுவலகத்திலும் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லக் களைப்பாக இருக்கிறது. அதைவிட, இன்னொருவர் தம் தாத்தாவின் வண்டியை இதேபோல் கொடுக்கப் போகிறார் என்று கேள்விப்படும்போது மனம் பதறுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன். பட்டறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஓர் இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே பழக்கங்கள் உள்ள அடுத்த இடத்துக்குப் போவீர்கள்.

ஹாட் ராட் என்றால் என்ன? நம் ஊரில் அதற்கு என்ன வேலை?

1930-களில் தெற்குக் கலிபோர்னியாவில் பிறந்த வழக்கம் அது. கையில் அதிகப் பணமில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டு, கூரை, பம்பர் என்று எடையைக் கூட்டும் எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, எஞ்சினைக் கூர்தீட்டி, முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் வி-8 எஞ்சினைச் சாதாரண விலைக் காரில் பொருத்தி விற்றது. அந்த ஆண்டின் மாடல்தான் இன்றும் ஹாட் ராட் பிரியர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. பிற்காலத்தில் இது பணக்காரக் கலையாக மாறி, ஆர்டரின் பேரில் கட்டித் தரும் பட்டறைகள் வந்தன.

நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நினைப்பவர்கள் சோழவரத்தை மறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1980-களின் இறுதிவரை, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. அப்பா எங்கள் இருவரையும் ஹெரால்டின் பின்னிருக்கையில் உட்காரவைத்து அழைத்துப்போவார். உள்ளூர் லேத்திலும் வெல்டிங் பட்டறையிலும் உருமாறிய கார்கள் காது கிழியப் பறந்ததைப் பார்த்த நினைவு எனக்கு மங்கலாகவும் தம்பிக்கு மிகத் தெளிவாகவும் இருக்கிறது. எங்கள் ஆசை அங்கே தொடங்கியது.

அதற்கு ஏன் ஹெரால்டு?

வீட்டில் இருந்தது அதுதான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது 1981-இல் இரண்டாம் கையாக வாங்கியது.

இன்னொரு காரணமும் உண்டு. ஹெரால்டின் உடல் தனி, சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனி. உடலே பல துண்டுகளாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. கூரையைக்கூட வெட்டாமல் கழற்றலாம். முன்பக்கத்து பானெட்டும் இரு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கேலோட்டி. வண்டலூரில் தயாரான வண்டி என்பதால் சென்னைக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம். மாற்றிக் கட்டுவதற்கு இவ்வளவு எளிதான அமைப்பு பழைய இந்திய வண்டிகளில் அரிது. எளிதாகப் பிரிக்கலாம் என்பதே எங்களுக்கு வினையாக முடிந்தது.

எட்டு மாத வேலை எப்படி இருபத்தேழு மாதம் இழுத்தது?

முதல் வாரத்திலேயே வண்டியை முழுவதும் பிரித்துவிட்டார்கள். கதவுகள், கூரை, இருக்கைகள், எஞ்சின், கியர் பெட்டி எல்லாம் தனித்தனியாகத் தரையில். அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார்கள். "ஒரே வாரத்தில் இவ்வளவு வேலையா!" என்று அவன் பூரித்துப் போனான். நானும்தான். அன்று மாலையே இரண்டாவது தவணை ஒரு லட்சத்தை அனுப்பினோம்.

பிரிப்பது வேலையே ஆகாது என்பது இப்போது தெரிகிறது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் மூன்று நாளில் ஹெரால்டை எலும்புக்கூடாக்கிவிடுவார்கள். ஆனால் அந்த மூன்று நாளில் எல்லாம் மாறிவிடுகிறது. ஓடும் வண்டி என்றால் எப்போது வேண்டுமானாலும் சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவரலாம். பிரித்த வண்டியை இழுத்துவரவும் முடியாது. இன்னொரு பட்டறைக்காரர் தொடவும் மாட்டார். "வேறு ஒருவர் பிரித்ததை நான் பூட்ட மாட்டேன்" என்று வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் நான்கு பேர் எங்களிடம் சொன்னார்கள். எந்த போல்ட் எங்கே போகும் என்பது பிரித்தவன் தலையில் மட்டும் இருக்கிறது. அந்தப் பையனும் ஆறாம் மாதம் வேலையை விட்டுப் போய்விட்டான். நம்மால் வெளியேற முடியாது என்பது பட்டறைக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு எந்த வண்டிக்காரர் சத்தம் போடுகிறாரோ, எந்த வேலையில் ரொக்கம் உடனே வருமோ, அதற்கே ஆட்கள் போவார்கள். நம் வண்டி சுவரோரம் ஒதுங்கும்.

நாங்கள் கேட்ட பதில்களைத் தேதியுடன் குறித்துவைத்திருக்கிறேன். "டிங்கர் ஊருக்குப் போயிருக்கிறார் அக்கா, பொங்கல் முடிந்ததும் வந்துவிடுவார்." "ரேடியேட்டர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்." "மழையில் பெயின்ட் அடிக்கக் கூடாது அக்கா." ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான பதில். ஈரப்பதம் மிகுந்த நாளில் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது உண்மையும்கூட. இருபத்தேழு மாதம் கோத்துப் பார்க்கும்போதுதான், வேலை நடக்கவே இல்லை என்பது புலப்படுகிறது.

வேலை நடந்த நாட்களிலாவது சரியாக நடந்ததா?

இல்லை. வரிசை தப்பி நடந்தது. இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாற்றிக் கட்டும் வண்டிக்கு உலகம் முழுவதும் ஒரே வரிசைதான். முதலில் தகடு வேலை. பிறகு பெயின்ட் எதுவும் இல்லாமல், வெற்று இரும்பாகவே, வண்டி முழுவதையும் ஒருமுறை பூட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் உட்கார்கிறதா, ஸ்டீயரிங் தண்டு எதிலும் இடிக்காமல் போகிறதா, சைலன்சர் குழாய் தரையைத் தட்டுகிறதா, கதவு மூடுகிறதா, திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி, துளைக்க வேண்டியதைத் துளைத்து, முடிந்தால் முற்றத்தில் ஓட்டியும் பார்த்துவிட்டு, மறுபடி பிரித்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். இரண்டு முறை பூட்டுவதால் செலவு கூடும். அந்தச் செலவைச் சேமிப்பவர்கள் பிறகு மூன்று மடங்காகக் கொடுப்பார்கள்.

எங்கள் பட்டறை ஐந்தாம் மாதமே பெயின்ட் அடித்துவிட்டது. அடர் பச்சை, கண்ணாடிபோல் மின்னியது. அதைப் பார்த்து நாங்கள் மூன்றாவது தவணை கொடுத்தோம். எங்களிடமிருந்து அந்தத் தவணையை வாங்கத்தான் அவ்வளவு சீக்கிரம் பெயின்ட் அடித்தார்கள் என்று இன்று நினைக்கிறேன். எட்டாம் மாதம் மாற்று எஞ்சின் வந்தபோது அதைத் தாங்கும் பிராக்கெட் ஒத்துவரவில்லை. சேஸிஸில் வெட்டி வெல்டிங் வைத்தார்கள். தீப்பொறி பட்டு, எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டிலும் உட்புறத்திலும் பெயின்ட் கருகிக் கொப்பளித்தது. சுரண்டி மறுபடி அடித்தார்கள். பிறகு ரேடியேட்டருக்காக மறுபடி வெட்டினார்கள். ஒரே தகட்டுக்கு மூன்று முறை பெயின்ட், மூன்று முறை கூலி.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

தொகையைவிட எதற்காகக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். எங்கள் மதிப்பீடு 6.5 லட்சம். முதல் ஏழு மாதத்திலேயே 5.8 லட்சம் கொடுத்துவிட்டோம். தவணைகள் மாதக் கணக்கில் இருந்தன. முடிந்த வேலையின் கணக்கில் இல்லை. மீதி 70,000 ரூபாய்க்காக ஒருவர் ஆறு மாத வேலையைச் செய்வாரா? செய்யவில்லை.

இன்று எழுதிக்கொடுக்கச் சொன்னால் இப்படி எழுதுவேன்: தகடு வேலை முடிந்து, மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டி பூசுவதற்கு முன் நான் கண்ணால் பார்த்த பிறகு ஒரு தவணை. வெற்று இரும்பாகப் பூட்டிக் காட்டிய பிறகு ஒன்று. பெயின்ட் முடிந்து ஒன்று. தன் சக்கரத்தில் தானே ஓடிக் காட்டிய பிறகு, மொத்தத்தில் நான்கில் ஒரு பங்காவது. எஞ்சின், டயர் போன்ற விலை உயர்ந்த சாமான்களை என் பெயரில் ஜி.எஸ்.டி. பில்லுடன் நானே வாங்கிக் கொடுப்பேன். அப்படி வாங்கியது பட்டறை மூடினாலும் என் சொத்து.

பாதி வேலையில் பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் வரும் பூச்சு) அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியே இருக்கலாமா?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நம் காற்றில் உப்பு இருக்கிறது. வெற்றுத் தகட்டை இரவு வெளியே வைத்தால் காலையில் ஆரஞ்சு நிறப் படலம் படிந்திருக்கும்.

பட்டறைகளில் வழக்கமாக அடிக்கும் சாம்பல் நிற சர்ஃபேசர் பிரைமர் ஈரத்தைத் தடுக்காது. அதில் நுண்துளைகள் உண்டு. பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சித் தகடுவரை கொண்டுபோகும். மேலே பெயின்ட் வரும்வரை சில நாட்களுக்கு இருக்கத்தான் அது. மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். அது தகட்டை மூடிக் காக்கும். விலை கூடுதல்தான். எங்கள் கதவுகள் சாம்பல் பிரைமரில் பதினான்கு மாதம் நின்றன. வெளியே பார்க்க ஒழுங்காகவே இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் அடியில் தேமல்போலத் துரு பரவியிருந்தது. ஆகவே பிரைமர் அடித்துவிட்டோம் என்று சொன்னால், எந்தப் பிரைமர் என்று கேளுங்கள். டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டி அதிகமாகப் பூசியிருக்கிறார்களா என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும். பட்டி தடிமனாக இருந்தால் வழுக்கி விழும். விரல் முட்டியால் தட்டினால் சத்தமும் மொத்தென்று மாறும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி எந்த நல்ல டிங்கர் வேலையிலும் இருக்கும். அதைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் வண்டியின் இடது பின்பக்கத்தில் விரல்தண்டி பட்டி. உள்ளே துருப்பிடித்த ஓட்டையைக் கம்பிவலை வைத்து அடைத்திருந்தார்கள்.

பெரிய எஞ்சின் போடலாமா?

ஹெரால்டின் சொந்த எஞ்சின் 948 சி.சி., சுமார் 35 குதிரைத்திறன். பட்டறையின் யோசனை, அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின். கேட்கும்போது நாவில் நீர் ஊறியது. ஆனால் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலைத் தாங்கும்படி ஹெரால்டின் கியர் பெட்டியோ, பின்சக்கரங்களுக்கு ஆற்றலைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலோ, பின் அச்சுகளோ செய்யப்படவில்லை. முன்பக்க எடை கூடும். ஸ்பிரிங்கும் பிரேக்கும் மாற வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், அதற்கு இடமில்லை. பேசின் பிரிட்ஜ் நெரிசலில் மே மாதப் பகலில் அரை மணி நேரம் நின்றால் கொதித்துவிடும். எஞ்சினை மாற்றுகிறோம் என்று சொல்பவர் இந்தச் சங்கிலி முழுவதையும் மதிப்பீட்டில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் தாளில் "எஞ்சின் மாற்றம்" என்று ஒரே வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குள்தான் எங்கள் பணம் மறைந்தது.

ஒன்றைக் கோபத்துடனே சொல்கிறேன். புதிய எஞ்சின் இடித்ததால் ஸ்டீயரிங் தண்டை வெட்டி, நீளம் குறைத்து, முனையோடு முனை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அது விட்டுப்போனால் சாலையில் உயிர் போகும், நம்முடையது மட்டுமல்ல. கோணம் மாற வேண்டுமென்றால் அதற்கென்று செய்த யுனிவர்சல் ஜாயின்ட் போட வேண்டும். பெரம்பூர் லோகோ பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு வெல்டர் ஐயா அந்த ஒட்டைப் பார்த்ததும் கையால் தொடாமல் பின்வாங்கினார்.

புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்குவதென்றால், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாள் வேண்டும். எஞ்சின் எண் சுரண்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள்.

இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா?

பட்டறையில் கேட்டபோது, "ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். சேஸிஸை வெட்டி, வேறு எஞ்சின் போட்டுக் கட்டிய ஹாட் ராடைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு இங்கே நேர்வழி இல்லை. பந்தயத் தடத்திலும் தனியார் இடத்திலும் ஓட்டலாம். அதற்கு மனம் ஒப்பினால் கட்டுங்கள்.

இன்னும் வலிக்கும் செய்தி ஒன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பழங்கார் ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். எங்கள் ஹெரால்டு 2022 மே மாதம் அந்தத் தகுதியுடன் சொந்தக் காலில் நடந்து பட்டறைக்குள் போனது. சேஸிஸில் முதல் வெட்டு விழுந்த அன்று அந்த வாசல் அடைபட்டது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பட்டறையில் இருக்கும்போது வெள்ளத்தில் மூழ்கினால் யார் பொறுப்பு?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழையில் பட்டறைக்குள் இடுப்பளவு நீர் நின்றது. அவர்கள் புதிய வண்டிகளை முந்தின நாளே மேடான இடத்துக்கு ஓட்டிச் சென்றுவிட்டார்கள். எங்களுடையதை ஓட்ட முடியாதே. சிலிண்டர் ஹெட் கழற்றிய நிலையில் அப்பாவின் பழைய எஞ்சின் தரையில் கிடந்து, சேற்றுத் தண்ணீரில் நான்கு நாள் ஊறியது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவின்படி, பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும். அப்படிப் பாதுகாத்திருந்தால் இழப்புக்குப் பொறுப்பில்லை. புயல் யார் குற்றமும் இல்லை. ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும், ஆண்டுதோறும் நீர் தேங்கும் இடத்தில், எஞ்சினைத் தரையிலிருந்து ஒரு மேசை மேல் தூக்கிவைக்கக்கூட மனமில்லாமல் போனது குற்றம்தான். எங்கள் வக்கீல் நோட்டீஸில் இதுவே வலுவான பத்தியாக இருந்தது. வண்டியைக் கொடுக்கும்போது பட்டறைக்கு வெள்ளக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள்; ஐப்பசி பிறப்பதற்கு முன் போய்ப் பாருங்கள்.

பணம் பாக்கி என்று சொல்லி வண்டியைத் தர மறுக்கலாமா?

ஓரளவுக்கு மறுக்கலாம். அதே சட்டத்தின் 170-வது பிரிவு, தன் உழைப்பையோ திறனையோ செலவிட்டு ஒரு பொருளுக்கு வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி கிடைக்கும்வரை அதைப் பிடித்துவைக்க உரிமை தருகிறது. வைரத்தைப் பட்டை தீட்டிய நகைத் தொழிலாளியைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. அதனால் ஆட்களோடு போய்ப் பூட்டை உடைத்து எடுத்துவந்துவிடலாம் என்று சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆனால் செய்த வேலைக்கான கூலிக்குத்தான் அந்த உரிமை. எங்களிடம் "கூடுதல் வேலை" என்று 2.1 லட்சம் கேட்டார்கள். எந்தத் தேதியில், யார், என்ன வேலை, என்ன சாமான் என்று வரிவரியாகப் பில் கேட்டோம். தரவில்லை, தரவும் முடியாது. தாங்கள் வெட்டியதைத் தாங்களே ஒட்டியதைத்தான் கூடுதல் வேலை என்று எண்ணியிருந்தார்கள். எழுத்தில் பில் கேட்பது சண்டையைவிட வேகமாக வேலை செய்யும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? செலவு அதிகமா?

போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். எங்களுக்குச் சென்னை வடக்கு. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். "அடுத்த மாதம் முடிந்துவிடும்" என்ற பேச்சை நம்பியிருந்தால் இந்தக் கெடு ஓடிவிடும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியலாம்.

ஆணையத்தில் பேசுவது தாள்தான். வாட்ஸ்அப் செய்திகள், வங்கிப் பரிமாற்றங்கள், தேதி தெரியும் படங்கள். நான் மாதம் ஒருமுறை அன்றைய நாளிதழை வண்டியின் மேல் வைத்துப் படம் எடுத்துவந்தேன். நான்கு மாதப் படங்களை வரிசையாக வைத்தால் செய்தித்தாள் மட்டும் மாறியிருக்கும். மனுவை எழுதி முடித்து, நகலை நோட்டீஸுடன் அனுப்பினோம். ஆணையத்தின் படி ஏறும் முன்பே அவர்கள் பேச வந்தார்கள். இசுசு எஞ்சினை அவர்களே வைத்துக்கொண்டு 90,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள், பாக்கி கேட்பதைக் கைவிட்டார்கள், வண்டியைத் தந்தார்கள். எழுதிக் கையெழுத்திட்டுப் பிரிந்தோம்.

உங்கள் மேல் தவறே இல்லையா?

இருக்கிறது. நான்காம் மாதம் நாங்களே நிறத்தை மாற்றச் சொன்னோம். சக்கரங்களை இரண்டு முறை மாற்றினோம். வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை மனம் மாறும்போதும் பட்டறையில் வேலை கலைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல டிங்கர் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று பட்டறைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. கைத்தொழில் தெரிந்த தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டே ஏழாவது வண்டியைப் பிரிக்க வாங்கிப்போட்டதற்கு என்னால் பரிந்து பேச முடியாது.

நல்ல பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிந்த வண்டிகளின் படத்தைப் பார்க்காதீர்கள். பின்கட்டுக்குப் போய்ப் பிரித்துக் கிடக்கும் வண்டிகளை எண்ணுங்கள். மேலே தூசி எவ்வளவு, டயர் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வேலை செய்யும் கைகள் எத்தனை என்று எண்ணுங்கள். வண்டிகள் கைகளைவிட அதிகமாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். போல்ட்டுகள் பெயர் எழுதிய உறைகளில் இருக்கின்றனவா, ஒரே பெயின்ட் வாளியில் கொட்டிக் கிடக்கின்றனவா என்பதையும் பாருங்கள். எங்கள் வண்டியின் போல்ட்டுகள் மூன்று வாளிகளில், வேறு இரண்டு வண்டிகளின் போல்ட்டுகளோடு கலந்து வந்தன.

பெண் கேள்வி கேட்டால் பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்துப் பதில் சொல்லும் பட்டறையும் வேண்டாம். தகடு வேலையைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தம்பியைப் பார்த்துத்தான் பதில் வந்தது. அந்தக் கேள்விகள் எல்லாமே சரியான கேள்விகள்.

எல்லாவற்றுக்கும் முன், முழுவதும் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பகுதி முடிந்து பூட்டிய பிறகு அடுத்த பகுதி. மெதுவாக நடக்கும், ஆனால் எந்த மாதம் வேண்டுமானாலும் தள்ளியாவது வெளியே கொண்டுவரலாம்.

இப்போது வண்டி எங்கே இருக்கிறது?

வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில். ஹாட் ராட் ஆசையைத் தம்பி விட்டுவிட்டான் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வண்டியில் இல்லை என்று அவனே சொல்லிவிட்டான். சேஸிஸில் வெட்டிய இடங்களை வெல்டர் ஐயா ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் அளவெடுத்துச் சரிசெய்தார். அப்பாவின் 948 சி.சி. எஞ்சினைப் போரிங் செய்து, புதிய பிஸ்டன் போட்டு, பழைய இடத்திலேயே உட்காரவைத்தோம். ஸ்டீயரிங் தண்டுக்கு அசலே கிடைத்தது. ஓடுகிறது, தெருமுனைவரை போய்த் திரும்பியது. ஹெரால்டு திரும்புவதற்கு ஏழரை மீட்டர் போதும் என்பதால், எங்கள் சந்துமுனையிலேயே சுற்றிவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்கும் ஆய்வுக்குக் கொண்டுபோக இன்னும் சில வேலைகள் பாக்கி.

முன் கண்ணாடி ரப்பரும் இடது பின்விளக்கின் கண்ணாடியும் பட்டறையில் தொலைந்தவை, இதுவரை கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் இரண்டு கடைகளில் சொல்லிவைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் ஹெரால்டின் பின்விளக்கு கிடந்தால், விரிசல் விட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய இரும்புக்காரரிடம் போடாமல் எங்களிடம் சொல்லுங்கள்.